மகன் விளையாடாத வருஷங்கள்

என் மகனுக்குக் கழுத்தே இல்லை, தலையைக் கொண்டுபோய் நேரே தோளில் வைத்திருக்கிறது என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். பகிடி என்றாலும் பொய்யில்லை. கரைவலை இழுக்கிற வீட்டில் பிறந்தவன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சோற்றுக் கோப்பையைத் தேட முன்னம் கடற்கரையில் நிற்பான். அலை வலையைத் திருப்பி உள்ளுக்கு இழுக்கும்போது கயிற்றை விடாமல் தாங்க, தண்ணீருக்குக் கிட்ட ஒரு பாரமான ஆள் வேணும். மீசை முளைக்க முன்னமே அந்த இடம் அவனுடையதாகிவிட்டது.

சிலாபத்தில் படிக்கும்போது விளையாட்டு மாஸ்டர் ஒருவர் அந்தத் தோளைப் பார்த்துவிட்டு அவனை றகர் என்கிற ரக்பி விளையாட்டில் சேர்த்தார். அவன் நின்ற இடத்துக்குப் புறொப் என்று பேர். முன்னுக்கு மூன்று பேர் தோளோடு தோள் பிடித்து நிற்பார்களாம், எதிர்ப்பக்கம் மூன்று பேர், தலையைக் கொடுத்துத் தள்ளுவார்களாம். நடுவில் நிற்கிறவனைப் பக்கத்தில் நின்று தாங்குகிறவன்தான் புறொப். பந்தைக் கொண்டு ஓடுகிறது யார் என்று கேட்டேன். அது வேறு ஆள் என்றான். அப்போது உன்னை யார் பார்க்கிறது என்று கேட்டேன். "ஒருத்தரும் பாக்கிறதில்ல. அதுக்குத்தான் அம்மாவ வரச் சொல்றன்" என்று சிரித்தான்.

ஒரு தரம் போனேன். எனக்குச் சனக்கூட்டம் என்றால் கை கால் குளிர்ந்துவிடும். கோயிலிலும் கடைசி வாங்கில் சுவரோரமாக இருக்கிறவள் நான். வீட்டுக்குப் பழக்கமில்லாத ஆள் வந்தால் குசினியை விட்டு வெளியே வரமாட்டேன். கொழும்பில் அந்த மைதானத்தில் மகளுக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் முந்தானையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தேன். முழு நேரமும் அவன் தலை இரண்டு பேருடைய விலாவுக்குள் இருந்தது. காலை வைத்துத்தான் இவன் என் பிள்ளை என்று கண்டேன். முடிந்து வந்து எப்படி இருந்தது என்று கேட்டான். "உன்ட முகத்தக் காணவேயில்லையே மகன்" என்றேன். அதை அவன் தன்னோடு நின்ற பொடியன்களுக்குச் சிங்களத்தில் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வெட்கம். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

அந்த விளையாட்டால் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்தது. கலியாணம் முடித்தான். கம்பனிக் குழுவுக்கு வருஷக்கணக்கில் விளையாடினான். காது இரண்டும் சுருண்டு பணியாரம் மாதிரி ஆனது. மூக்கு ஒரு பக்கம் திரும்பியது. நான் அதையெல்லாம் சொல்லி அழுதிருக்கிறேன், ஆனாலும் பிடிவாதமாகத் தடுக்கவில்லை. அவனுக்கு வேறு ஒன்றிலும் அப்படி முகம் மலர்ந்து நான் கண்டதில்லை.

பிறகு கழுத்து அடிபட்டது.

கொழும்பு ஆஸ்பத்திரியில் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டி போட்டு மல்லாத்திப் படுக்க வைத்திருந்தார்கள். டொக்டர் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். இந்த முறை தப்பிவிட்டார், இன்னொரு முறை இப்படி இடிபட்டால் கை கால் விளங்காமல் போகலாம் என்று. மகள் சொல்லி முடிக்க முன்னமே நான் நிலத்தில் குந்திவிட்டேன். கழுத்து என்றால் என்ன என்று அந்த அறையில் நின்றவர்களில் எனக்குத்தான் தெரியும். என் மூத்த தமையன் தென்னையிலிருந்து விழுந்தவர். நான் கலியாணம் முடிக்க முன்னம் அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். வாய் கதைக்கும், கண் பார்க்கும், கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. முகத்தில் ஈ இலையான் இருந்தால் "தங்கச்சி" என்று கூப்பிடுவார். நான் போய்த் துரத்துவேன். கிணற்றடியில் இருக்கும்போது கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. அப்படியே பாயில் கிடந்து செத்தார்.

மகன் எழும்பி நடக்கத் தொடங்கியதும், பட்டியோடேயே அவனைத் தலவிலைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவரும் வந்தார். நாங்கள் தாய் என்று கும்பிடுகிற அன்னம்மாளின் சொரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்தோம். எங்கட ஆட்கள் பெரிய காரியத்துக்குத் தாயின் தலையில் கை வைத்துத்தான் சத்தியம் பண்ணுவார்கள். மீறினால் அது தாயின் உயிரைத் தொடும் என்று பயம். என் மகன் குனிய ஏலாமல் குனிந்து என் தலையில் கை வைத்தான். "இனி விளையாடமாட்டன் அம்மா" என்றான். அந்தக் கையின் பாரம் இப்போதும் உச்சியில் இருக்கிறது. நானும் அந்த இடத்திலேயே நேர்த்தி வைத்தேன். என் பிள்ளை அந்த விளையாட்டை விட்டு நல்லபடி நடமாடினால், என் சீவன் உள்ளவரை ஒவ்வொரு திருநாளுக்கும் இந்தக் கோயில் வளவில் சோறு கொடுப்பேன் என்று.

எங்கட கரையில் நேர்த்திச் சோறு கொடுக்கிறதுக்கு ஒரு முறை இருக்கிறது. சும்மா அள்ளி வைத்துவிட்டுப் போக ஏலாது. சாப்பிட வருகிறவர் இலையைப் போட்டுக்கொண்டு, "என்ன காரியம் நடந்தது?" என்று கேட்க வேணும். கொடுக்கிறவள் தன் வாயால் நடந்த காரியத்தைச் சொல்ல வேணும். கேட்டவர் "தாய்க்குத் தோத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். சொல்லாமல் கொடுத்தால் அது வெறும் சாப்பாடு. ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்காத எனக்கு இது சமைக்கிற வேலையை விடப் பெரிய வேலை. முதல் வருஷம் மகள் தான் சொல்லுகிறேன் என்று வந்தாள். நான் விடவில்லை. நேர்த்தி வைத்தது நான், சொல்லுகிறதும் நானாகத்தான் இருக்க வேணும்.

திருநாளுக்குத் தலவிலையில் ஓலைக் கொட்டில் போட்டுத் தங்குவோம். கடற்காற்றில் அடுப்பு நிற்காது, நான்கு பக்கமும் தகரம் மறைத்து வைத்துச் சோறு வடிப்பேன். பருப்பு, கத்தரிக்காய், மாசிக் கருவாடு போட்ட சம்பல். ஊர்ச்சனமெல்லாம் வரிசையில் வந்து இருக்கும். ஒவ்வொருவரும் கேட்பார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுவேன். "என்ட மகன் றகர் விளையாட்டை விட்டிட்டான். தாய் அவன்ட கழுத்தக் காப்பாத்திக் குடுத்தா." முதலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. போகப் போகக் குரல் வந்தது. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் உரத்துச் சொல்லப் பழகினேன். எனக்கே ஆச்சரியம். ஒரு முறை சம்மாட்டியார், வலைக்குச் சொந்தக்காரர், "தாயே, உங்களுக்கு இவ்வளவு கதைக்கத் தெரியுமா, இவ்வளவு காலமும் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க" என்று கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சந்தோஷத்தில் சிரித்தேன்.

சோறு போட்டது மகன்தான். பெரிய அகப்பையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வருவான். நான் சொல்லுவேன், அவன் போடுவான். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருப்பான். ஏன் மகன், அவியல்லியா என்று கேட்டால், ஒபீசில் பழகிவிட்டது என்பான்.

அவனுடைய விரல் ஒன்று கோணியிருந்தது. கார்க்கதவில் அகப்பட்டது என்றாள் மருமகள். கழுத்து பழைய நோவு, மாரி காலத்தில் இழுக்கிறது என்று அவன் சொல்ல, நான் வேலிப்பருத்தியும் உள்ளியும் போட்டு எண்ணெய் காய்ச்சிப் போத்தல் போத்தலாக அனுப்பினேன். அது நல்லாக் கேட்குது, இன்னும் வேணும் என்று சொல்லி அனுப்புவான். என் எண்ணெய்க்கு அவ்வளவு குணம் என்று பக்கத்து வீட்டு மச்சாளிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் "ஓம் ஓம்" என்றாள். என் வீட்டுக்காரர் வயது போய்க் கடலுக்குப் போகிறதைக் குறைத்தபிறகு, ஞாயிறு பூசை முடிய எஞ்சின் சாமான் பார்க்க என்று சிலாபம் போகப் பழகினார். மாலையில் குரல் அடைத்துப்போய் வருவார். பஸ்ஸில் காற்று என்பார். நான் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பேன். அதைக் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நீ நல்ல மனுஷி" என்பார். இத்தனை காலம் குடும்பம் நடத்தி இப்போதுதானே இவருக்கு அது தெரிந்தது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம், திருநாளுக்குக் கொஞ்ச நாள் இருக்க, மிளகாயும் பருப்பும் வாங்க முந்தலுக்குப் போனேன். அங்கே நான் போகிற கடை சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து சின்னப் பிள்ளையாகத் தாய் தகப்பனோடு வந்த ஒரு முஸ்லிம் மனுஷருடையது. நல்ல மனுஷர். நான் வெளியே நின்றாலும் கண்டுவிட்டு உள்ளே கூப்பிட்டுக் கதிரை போடுவார். விளையாட்டு என்றால் பைத்தியம். தராசுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து எந்த நேரமும் ஏதாவது ஓடும்.

பருப்பை நிறுத்துக்கொண்டே, "அக்கா, உங்கட மகன் ஞாயிற்றுக்கிழம என்ன இடி இடிச்சார். அந்த வயசில அல்லாஹ் அப்பிடி ஒரு பலத்தக் குடுத்திருக்கான்" என்றார்.

நான் வேறு யாரையோ நினைத்துச் சொல்லுகிறார் என்று இருந்தேன். அவன் இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறான் என்று, வீட்டில் எனக்குச் சொல்லியிருந்ததை மெல்லச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு போனைத் திருப்பிக் காட்டினார். "இது பதிமூண்டு பேர் விளையாடுற வகை. லீக் எண்டு சொல்றது. அந்தக் குழுவில அவர்தான் எல்லாரிலும் மூத்தவர், எத்தின வருஷமா நிக்கிறார்."

அவன்தான். நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. இந்த விளையாட்டில் அவன் தலை ஒருவருடைய விலாவுக்குள்ளும் இல்லை, பந்து அவன் கையிலேயே இருந்தது. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விலகாமல், தன்னை நோக்கி ஓடி வருகிற மூன்று பேருக்கு நேரே ஓடினான். மூன்று பேரும் சேர்ந்து அவனைத் தூக்கி நிலத்தில் அடித்தார்கள். எழும்பினான். எழும்பும்போது பிடரியைக் கையால் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே மாதிரி ஓடினான். வாழ்நாளில் முதல் தரம் அவன் விளையாடும்போது முகத்தைக் கண்டேன்.

போனில் ஓடிய படம், விளையாட்டுப் பார்க்க வந்த சனத்தின் பக்கம் திரும்பியது. அங்கே முன்வரிசையில் ஒரு வயதானவர் இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டு நின்றார். அந்த ஞாயிறு காலையில் நான் இஸ்திரிக்கை பண்ணிக் கொடுத்த நீலக் கோடு போட்ட சட்டை. பக்கத்தில் மகள்.

என் முகம் மாறியிருக்க வேணும். கடைக்காரர் நிறுக்கிறதை நிறுத்திவிட்டு, "உங்களுக்குத் தெரியாதா அக்கா?" என்று கேட்டார்.

"ஓம், தெரியும் தெரியும்" என்றேன். இவ்வளவு கேவலப்பட்டும் எனக்கு அந்த நேரம் அதுதான் வாயில் வந்தது. பருப்பை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். எனக்குப் பழக்கமான ஆட்களில் என் நேர்த்திச் சோற்றுக்கு வராத ஒரே மனுஷர் அவர்தான், அதனால்தான் மறைக்க வேணும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பது பஸ்ஸில் போகும்போதுதான் விளங்கியது. அப்போது மற்ற எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் அவர் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் சேலையைக்கூட மாற்றவில்லை.

"ஞாயித்துக்கிழம குரல் அடைச்சது பஸ்ஸிலயா, மைதானத்திலயா?" என்று கேட்டேன்.

ஊசியைக் கீழே வைத்தார். நான் அழுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பட்டி கழற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம், இந்தப் பதின்மூன்று பேர் விளையாட்டுக்கு ஆள் இல்லை என்று கூப்பிட்டார்களாம், சும்மா ஒரு தரம் என்று போனானாம். அதற்குப் பிறகு விட ஏலவில்லையாம். முதல் நேர்த்திச் சோறு கொடுக்கிறதுக்கு முந்தின நாள் இவர் வீடு வீடாகப் போய், அவளுக்குத் தெரிந்தால் செத்துவிடுவாள், ஒருவரும் வாய் விடாதீர்கள் என்று கேட்டாராம்.

"அப்ப நான் சொல்லும்போது எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும்."

"சம்மாட்டியாருக்கும்?"

"ஓம்."

"மச்சாளுக்கும்?"

அவர் வலைக் கண்ணொன்றை விரலால் நோண்டினார். சுவாமியாருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஓம் என்று வந்தால் இனி எந்தக் கோயிலுக்குப் போவது.

"நீ நிம்மதியா இருந்தாய்தானே" என்றார் அவர். அவருக்கு அது பெரிய காரியம் செய்த மாதிரி. அவருக்கு மற்றது விளங்கவில்லை. நான் வாய் திறந்து சொன்ன ஒரே ஒரு கதை அது. அதைச் சொல்லத்தான் நான் ஆட்களுக்கு முன்னால் நிமிரப் பழகினேன். இலைக்கு முன்னால் இருந்தவர்கள் கண்ணைத் தாழ்த்தினதைப் பக்தி என்று நினைத்தேன். சம்மாட்டியார் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்தேன். அகப்பையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்தவன், நான் சொன்ன ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு இலையிலும் சோறு போட்டான்.

அவன் அந்தக் கிழமை லீவு போட்டுவிட்டு வந்தான். தகப்பன் போனில் சொல்லியிருப்பார். குசினி வாசலில் தலை தட்டாமல் குனிந்து வந்து, தேங்காய் துருவுகிற என் முன்னால் நிலத்தில் இருந்தான். நரைத்துவிட்டான். எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

சத்தியம் பண்ணினது பதினைந்து பேர் விளையாடுகிறதுக்கு என்றான். அதில்தான் தலை கொடுத்துத் தள்ளுகிறது, அதில்தான் கழுத்து முறிகிறது. இது வேறு, இதில் தள்ளுகிறது பேருக்குத்தான். நான் துருவுகிறதை நிறுத்தவில்லை.

"தாயிட்டயும் அப்பிடித்தான் கணக்குக் காட்டப் போறியா?" என்று கேட்டேன்.

அதற்கு அவன் சொன்னது உண்மை என்றுதான் நினைக்கிறேன். "எனக்கு வேற ஒண்டும் தெரியாதம்மா. ஒபீசில நான் ஒரு மேச. வீட்டில நான் ஒரு சம்பளம். அங்க மட்டும்தான், நான் போய் இடிச்சாத்தான் மற்றவனுக்கு ஓட இடம் கிடைக்கும். அத விட்டிட்டு நான் என்னவா இருக்கிறது?"

அது என் மனதைத் தொடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் தமையன் பாயில் கிடந்ததையும் இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித்தான் வளர்த்தேன். அதையும் கேட்டுவிட்டுத்தான் ஓடுகிறான். விளையாட வேணும் என்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், மண்ணில் புரண்டிருப்பேன், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் செபமாலையோடு இருந்திருப்பேன். அவனுக்காகப் பயப்படுகிறதுக்காவது என்னை விட்டிருக்கலாம். அவன் அப்படி நிலத்தில் அடிபட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில்.

இந்த சீசனோடு முடிக்கிறேன் என்றான். இன்னும் ஒரு விளையாட்டுத்தான் இருக்கிறது, குழுவில் அவனைக் கௌரவிக்கப் போகிறார்களாம், அம்மாவும் மைதானத்துக்கு வர வேணுமாம். அதற்குப் பிறகு தொடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு கையை என் தலைக்கு நீட்டினான்.

நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

"வேணாம். சும்மா சொல்லு. அது போதும்."

அந்தக் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டான். அவனை நான் அடித்திருந்தால் அவனுக்கு இவ்வளவு நொந்திருக்காது. எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

கடைசி விளையாட்டுக்கு நான் போகவில்லை. மற்ற எல்லாரும் போனார்கள். இந்த முறை ஒளிக்காமல், சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு போனார்கள்.

திருநாள் வந்தது. சோறு கொடுக்கிறதா இல்லையா என்று வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தைரியம் இல்லை. நான் வழமை போல அரிசியை எடுத்துக்கொண்டு போனேன். நேர்த்தி நான் தாய்க்கு வைத்தது. அவன் மீறினான் என்று நானும் மீற ஏலாது. ஆனால் அடுப்புக்கு முன்னால் இருக்கும்போதே எனக்கு யோசனை, இலை போட்டு அவர்கள் கேட்கும்போது நான் என்னத்தைச் சொல்லுவேன் என்று. மகன் அகப்பையோடு பின்னால் நின்றான். எனக்கு விசயம் தெரிந்துவிட்டது என்று ஊருக்கும் தெரிந்துவிட்டது, வரிசை பாதிதான் இருந்தது. முதல் இலை மச்சாளுடையது. வராமல் விட்டால் நான் கோபம் என்று நினைத்து வந்திருப்பாள். அவள் இலையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன காரியம் நடந்தது மச்சாள்?"

நான் நிலத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது. இவ்வளவு காலமும் உங்களுக்குத்தானே தெரிஞ்சிருந்தது. நீங்க சொல்லுங்க."

மச்சாள் அழத் தொடங்கினாள். பின்னால் மகன், "அம்மா, இப்ப உண்மையாவே விட்டிட்டன்" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. நான் திரும்பவில்லை. சோறு ஆறுகிறது, போடு என்றேன். போட்டான். சாப்பிட்டார்கள். ஒருவரும் தோத்திரம் சொல்லவில்லை. அது வெறும் சாப்பாடாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாரும் அவன் விட்டுவிட்டான் என்றுதான் சொன்னார்கள். மகள் சொன்னாள், மருமகள் போனில் சொன்னாள், அவர் சாப்பிடும்போதெல்லாம் சொன்னார். ஒரே சொல்லாக, ஒரே குரலாகச் சொன்னார்கள். முன்னமும் அப்படித்தான் சொன்னார்கள். அதில் ஒரு சொல்லாவது கோணலாக இருந்திருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ.

எனக்குக் கேட்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். மாரி தொடங்க முன்னம் ஒரு ஞாயிறு பூசை முடிய முந்தலுக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் தராசுக்குப் பக்கத்தில் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். கதிரை போட்டார். தேத்தண்ணி வேணுமா என்று கேட்டார். அந்த மனுஷருக்கு மறைக்கத் தெரியாது, காது சிவந்துவிட்டது.

என் மகன் விளையாடுகிறானா என்று கேட்டேன்.

அவர் மிளகாய்ச் சாக்கின் வாயை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றார். "அக்கா, உங்கட வீட்டுக்காரர் போன கிழம வந்தவர். என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க. என்னட்டக் கேட்காதீங்க. எனக்குப் பொய் சொல்ல ஏலாது."

பதில் அதிலேயே இருந்தது. இந்த ஒரு வாசலையும் தேடி வந்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்றுதான் எனக்கு இருந்தது. என்னை எவ்வளவு நன்றாகத் தெரிந்தவர் அவர். நான் எங்கே போவேன் என்று எனக்கு முன்னமே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்க ஒண்டும் சொல்ல வேணாம்" என்றேன். "அதத் திருப்பி வையுங்க. நான் பாக்கிறன்."

அவர் யோசித்தார். பிறகு போனை எடுத்து, துடைத்து, என் கண்ணுக்கு நேரே ஒரு சீனி டின்னில் சாய்த்து வைத்தார். இது போன ஞாயிற்றுக்கிழமையுடையதா, இன்றையதா என்று கேட்டேன். இப்போதுதான் நடக்கிறது என்றார். நெற்றியில் அதே வெள்ளைத் துணி. பந்து அவன் கைக்கு வந்தது. நான் முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. நேரே போய் இடித்தான். மேலே இரண்டு பேர் விழுந்தார்கள், பிறகு இன்னொருவன். அவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். அவன் எழும்பவில்லை. கை புல்லில் கிடந்தது. நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். விரல் அசைந்தது, புல்லைப் பிடித்தது, முழங்கால் ஊன்றியது, நின்றான். தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். திரும்பவும் தன் இடத்துக்கு ஓடினான்.

கடைக்காரர் மூச்சு விட்டுவிட்டுப் போனை எடுக்கக் கை நீட்டினார். பாவம் மனுஷர், எனக்குப் போதும் என்று நினைத்திருப்பார்.

"இருக்கட்டும்" என்றேன். "இன்னும் முடியல்லத்தானே."